தவளேசுவரம் அணையும் படகுப் பூட்டுகளும்

தவளேசுவரம் என்பது ஆந்திரப் பிரதேசத்தில் இராசமகேந்திரவரத்துக்கு (இராசமுந்திரி) சில கிலோமீட்டர் தெற்கே, கோதாவரி ஆற்றின் இடக்கரையில் உள்ள ஊர். இங்கு 1847 முதல் 1852 வரை ஆர்தர் காட்டன் கட்டிய அணைக்கட்டும், அதற்குப் பதிலாக 1982இல் முடிக்கப்பட்ட கதவணையும் கோதாவரி டெல்டாவின் ஏறக்குறைய 10 லட்சம் ஏக்கர் நிலத்துக்கு நீர் தருகின்றன. இந்த அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது என்றே பாடநூல்கள் பெரும்பாலும் சொல்கின்றன. அது பாதிக் கதைதான். ஆற்றிலிருந்து கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து கடற்கரைத் துறைமுகங்களுக்கும், அங்கிருந்து சென்னை வரைக்கும் படகுகள் போய்வர வேண்டும் என்பதும் காட்டனின் திட்டத்தில் சம பங்கு பெற்றிருந்தது. அணையை ஒட்டிக் கட்டப்பட்ட படகுப் பூட்டுகள் அந்த மறுபாதிக் கதையின் சாட்சிகள்.

பஞ்சமும் புயலும்

நாசிக்கை அடுத்த திரிம்பகேசுவரத்தில் தோன்றும் கோதாவரி, 1,465 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலை அடைகிறது. தவளேசுவரத்துக்குக் கீழே அது கௌதமி, வசிட்டை எனப் பிரிந்து டெல்டாவை உண்டாக்குகிறது. இத்தனை பெரிய ஆற்றின் வாயில் வாழ்ந்த மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பட்டினியால் செத்தார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் ஊரை அடித்துச் சென்றது. மற்றக் காலத்தில் ஆற்று நீர் வயலுக்கு எட்டாத ஆழத்தில் ஓடிக் கடலில் கலந்தது. 1832-33ஆம் ஆண்டுப் பஞ்சம் தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களைச் சூறையாடியது. 1839இல் கோரங்கித் துறைமுகத்தைப் புயலும் கடல் பெருக்கும் அழித்தன. இராசமுந்திரி மாவட்டத்தின் மக்கள்தொகை 1821இல் சுமார் 7 லட்சத்து 38 ஆயிரமாக இருந்து, 1841இல் சுமார் 5 லட்சத்து 61 ஆயிரமாகக் குறைந்தது. வரி வருவாயும் உடன் விழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி விழித்துக்கொண்டதற்கு இந்த இரண்டாவது காரணம் முதலாவதை விடப் பெரிதாக இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

மாவட்டத்தின் நிலையை ஆராய்ந்த ஹென்றி மாண்ட்கோமரி 1844இல் பாசன வேலைகளே தீர்வு என்று அறிக்கை தந்தார். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் காட்டன் தம் திட்டத்தை எழுதி அனுப்பினார். 1846 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது.

காவிரியில் கற்றது கோதாவரியில்

ஆர்தர் காட்டன் (1803–1899) 1821இல் சென்னைக்கு வந்த இராணுவப் பொறியாளர். கோதாவரிக்கு வருவதற்கு முன் அவர் பெயர் பெற்றது காவிரியில். 1836இல் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்தில் கீழணையும் அவருடைய திட்டப்படி கட்டப்பட்டன. கொள்ளிடத்தின் பக்கம் ஓடிப்போய்க்கொண்டிருந்த காவிரி நீர் தஞ்சைக்குத் திரும்பியது.

அந்நாளில் ஐரோப்பியப் பொறியாளர்களுக்கு இருந்த பெரிய ஐயம், ஆழங்காண முடியாத ஆற்று மணலில் அணை நிற்குமா என்பது. பாறையைத் தொடும்வரை அடித்தளம் தோண்டுவதே அவர்கள் அறிந்த முறை. காவிரியிலும் கோதாவரியிலும் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையோ அந்த மணலின் மேலேயே பல நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. கற்களை மணலில் அமிழவிட்டு, அவை அமிழ்ந்து நிலைத்தபின் மேலும் கற்களை அடுக்கி எழுப்பும் அந்த முறையிலிருந்தே தளர்ந்த மணலில் அடித்தளம் அமைக்கக் கற்றுக்கொண்டோம் என்று காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆங்கில அகராதியில் 'அனிகட்' என்று ஏறியிருக்கும் சொல்லும் தமிழின் 'அணைக்கட்டு' தான். தெலுங்கில் அது 'ஆனகட்ட' ஆயிற்று.

தவளேசுவரத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அங்கே ஆறு அகன்று, இடையிடையே 'லங்கா' எனப்படும் ஆற்றிடைத் தீவுகளால் நான்கு கிளைகளாகப் பிரிகிறது. அகலம் கூடினால் வேகம் குறையும். தீவுகள் இருப்பதால் ஒரே நீண்ட சுவருக்குப் பதிலாக நான்கு துண்டுகளாகக் கட்டலாம். மேலும் தவளேசுவரத்தில் ஒரு குன்று இருந்தது. வேண்டிய கல் ஆற்றங்கரையிலேயே கிடைத்தது. குன்றிலிருந்து கரைக்குத் தண்டவாளம் போட்டுக் கல் கொண்டுவந்தார்கள். தேக்கு மரங்கள் மேலேயுள்ள காடுகளிலிருந்து ஆற்றிலேயே மிதந்து வந்தன.

தவளேசுவரம், ரல்லி, மத்தூர், விஜ்ஜேசுவரம் என்னும் நான்கு பகுதிகளையும் சேர்த்தால் அணைக்கட்டின் நீளம் ஏறக்குறைய 3.6 கிலோமீட்டர். தவளேசுவரம் பகுதி மட்டுமே 4,872 அடி. உயரமோ சுமார் 12 அடிதான். வெள்ளத்தை இது தடுக்காது. வெள்ளம் இதன் தலைமேல் வழிந்து போகும். வெள்ளம் வடிந்தபின் ஓடும் நீரைக் கால்வாய் மதகின் மட்டத்துக்கு உயர்த்தித் தருவதே இதன் வேலை.

ஆயிரக்கணக்கான கூலியாட்கள் உழைத்தனர். அவர்களைத் திரட்டியும் நடத்தியும் காட்டனுக்கு வலக்கையாக இருந்தவர் வீணம் வீரண்ணா என்னும் உள்ளூர் மேற்பார்வையாளர். பின்னர் அவருக்கு ராய் பகதூர் பட்டம் கிடைத்தது. காட்டன் நோயுற்று விடுப்பில் சென்ற காலத்தில் ஆர் என்னும் பொறியாளர் வேலையைத் தொடர்ந்தார். 1852 மார்ச் இறுதியில் அணைக்கட்டு முடிந்தது. இன்று டெல்டாவின் ஊர்தோறும் காட்டனுக்குச் சிலை இருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயர்களில் வீரண்ணா பெயர் ஒன்றே பரவலாக நினைக்கப்படுகிறது.

பூட்டு எப்படி வேலை செய்தது

ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் படகு போகும் வழி அடைபடும். அணைக்கு மேலே நீர் உயரமாகவும், கால்வாயிலோ அணைக்குக் கீழேயோ தாழ்வாகவும் நிற்கும். இந்த உயர வேறுபாட்டைப் படகு கடப்பதற்கான ஏற்பாடே படகுப் பூட்டு. 'லாக்' என்ற ஆங்கிலச் சொல்லை டெல்டா மக்கள் 'லாக்கு' ஆக்கிக்கொண்டார்கள், பன்மையில் 'லாக்குலு'. பூட்டு இருந்த இடங்கள் இன்றும் அந்தப் பெயரால் அடையாளம் சொல்லப்படுகின்றன.

பூட்டு என்பது இரு பக்கமும் கற்சுவர் கொண்ட ஒரு நீண்ட தொட்டி. அதன் இரு முனையிலும் இரட்டைக் கதவுகள். ஆற்றிலிருந்து கால்வாய்க்கு இறங்க வேண்டிய படகு, திறந்திருக்கும் மேல்கதவு வழியே தொட்டிக்குள் நுழையும். மேல்கதவை மூடிவிட்டு, கீழ்க்கதவில் உள்ள சிறு மதகைத் திறப்பார்கள். தொட்டியின் நீர் மெல்ல வடியும். நீரோடு படகும் இறங்கும். தொட்டியின் நீர்மட்டமும் கால்வாயின் நீர்மட்டமும் ஒன்றானதும் கீழ்க்கதவு எளிதாகத் திறக்கும். படகு வெளியேறிவிடும். ஏற வேண்டிய படகுக்கு இதே வேலை தலைகீழாக நடக்கும். கதவுகள் இரண்டும் சேருமிடம் மேல்நீரை நோக்கிக் கூர்மையாக இருக்கும்படி அமைப்பார்கள். அதனால் நீரின் அழுத்தமே கதவை இறுக்கிச் சாத்திவிடும். இயந்திரம் எதுவும் வேண்டாம். சில ஆட்களும், நீரின் எடையும் போதும்.

அணைக்கட்டிலிருந்து கிழக்கு, மத்திய, மேற்கு டெல்டாக்களுக்கு மூன்று தலைக்கால்வாய்கள் பிரிந்தன. ஒவ்வொன்றின் வாயிலிலும் நீர் விடத் தலைமதகு ஒன்று, படகு செல்லப் பூட்டு ஒன்று. கால்வாய் வழியெங்கும் நீர்மட்டம் இறங்கும் இடங்களில் மேலும் பூட்டுகள். நாளடைவில் டெல்டாவில் ஏறக்குறைய 500 மைல் நீளக் கால்வாய்களில் படகு ஓடியது. நெல்லும் பயணிகளும் அதே நீரில் போனார்கள். வழியில் அதே நீர் வயலுக்கும் பாய்ந்தது.

1855இல் கிருஷ்ணா ஆற்றில் விசயவாடாவில் அணைக்கட்டு முடிந்ததும் இரு டெல்டாக்களையும் ஏலூரு கால்வாய் இணைத்தது. கிருஷ்ணாவிலிருந்து கொம்மமூர் கால்வாய் தெற்கே இறங்கி, பெத்தகஞ்சத்தில் பக்கிங்காம் கால்வாயைத் தொட்டது. 1806இல் சென்னைக்கு வடக்கே சிறிதாகத் தொடங்கிய அக்கால்வாய், 1877-78 பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, அப்போதைய ஆளுநரின் பெயரைப் பெற்றது. தெற்கே அது மரக்காணம் வரை நீண்டது. இவ்வாறு காக்கிநாடாவில் ஏறிய சரக்கு, கடலில் இறங்காமலே சென்னையைக் கடந்து விழுப்புரம் மாவட்டக் கடற்கரைக்கு வந்துசேர வழி பிறந்தது. உப்பு, சவுக்கு விறகு, கிளிஞ்சல் முதலியவற்றை ஏற்றிய படகுகளைக் கழி ஊன்றியும், கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தும் சென்னைக்குக் கொண்டுவந்த காட்சி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இருந்தது.

தண்டவாளமா, தண்ணீரா

காட்டனின் கனவு இதைவிடப் பெரிது. இந்தியா முழுவதையும் நீர்வழிகளால் இணைத்துவிட்டால் சரக்கு அனுப்பும் செலவு இரயில் கட்டணத்தில் சிறு பங்காகிவிடும் என்று அவர் வாழ்நாள் முழுவதும் வாதாடினார். கோதாவரியிலேயே தும்முகூடம் முதலிய இடங்களில் அணையும் பூட்டும் அமைத்து நடு இந்தியாவின் பருத்தியைப் படகில் கடலுக்குக் கொண்டுவர வேலை தொடங்கியது. பாறைகளும் செலவும் மிஞ்சிப்போக, அத்திட்டம் 1871இல் கைவிடப்பட்டது. தென்னாட்டுப் பெரும்பஞ்சத்துக்குப் பின் 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று காட்டனின் கருத்துகளைத் துருவித் துருவி விசாரித்தது. தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வரவில்லை.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. இரயில் விரைவானது; கோடையில் வற்றாது; போருக்குப் படையையும் ஏற்றிச் செல்லும். ஆனால் இரயில் ஓர் ஏக்கருக்கும் நீர் பாய்ச்சாது. பஞ்சத்தில் தானியத்தைக் கொண்டுவரும் வண்டியை விட, தானியத்தை விளைவிக்கும் கால்வாய் மேல் என்ற காட்டனின் வாதத்தை அந்தக் காலத்து ஆட்சியாளர்கள் போதிய அளவு எடைபோட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. 1900இல் இராசமுந்திரியில் கோதாவரியின் மேல் ஹேவ்லாக் இரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னையும் கல்கத்தாவும் தண்டவாளத்தால் இணைந்தன. அணைக்கட்டுக்கு மேலே சில கிலோமீட்டர் தொலைவில் ஓடிய அந்த இரயிலோடு படகுகள் போட்டியிட முடியவில்லை. பிறகு லாரி வந்தது.

அணைக்கட்டு கதவணையாகிறது

பழைய அணைக்கட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. பாசனப் பரப்பு கூடக்கூட இன்னும் நீர் தேவைப்பட்டது. அதன் தலையை அவ்வப்போது உயர்த்தி, மேலே மடக்குப் பலகைகளும் பொருத்தினார்கள். ஒவ்வோர் உயர்வும் பழைய கட்டடத்தின் மேல் புதிய சுமை. மணலில் கட்டிய அணைக்கு மூப்பு எப்படி வரும் என்பதைக் கிருஷ்ணா காட்டியது. 1952இல் விசயவாடா அணைக்கட்டு உடைந்தது. அதற்குப் பதிலாகப் பிரகாசம் கதவணை 1957இல் எழுந்தது. அதே வயதுடைய கோதாவரி அணைக்கட்டு உடைந்தால் இரண்டு மாவட்டங்களின் ஒரு பருவ நெல்லும் போய்விடும். அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதைத் தமிழ்நாடும் பின்னாளில் அறிந்தது: காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. அங்கும் புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று.

கோதாவரியில் 1970இல் தொடங்கிய வேலை 1982இல் முடிந்தது. அணைக்கட்டுக்கும் கதவணைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அணைக்கட்டு அசையாத சுவர். நீர் அதன்மேல் வழியும். கதவணையில் தூண்களுக்கு இடையே இரும்புக் கதவுகள் இருக்கும். வெள்ளத்தில் அவற்றைத் தூக்கிவிட்டால் நீரோடு வண்டலும் கடந்துபோகும். கோடையில் இறக்கினால் நீர் தேங்கும். தவளேசுவரத்தில் 70, ரல்லியில் 43, மத்தூரில் 23, விஜ்ஜேசுவரத்தில் 39 என மொத்தம் 175 கதவுகள். தூண்களின் மேல் சாலையும் அமைந்ததால் இரு கரை மக்களும் அதன் வழியே போய்வருகிறார்கள். விடுதலை பெற்ற நாட்டில் எழுந்த புதிய கட்டடத்துக்கு ஆங்கிலேயர் ஒருவரின் பெயரையே சூட்டி, 'சர் ஆர்தர் காட்டன் கதவணை' என்றார்கள். டெல்டா மக்கள் அதை ஏற்றது மட்டுமன்றி விரும்பவும் செய்தார்கள். இந்தியாவில் இதற்கு இணையான நிகழ்ச்சிகள் மிகச் சில.

முடிந்த நான்காம் ஆண்டிலேயே அதற்குப் பரீட்சை வந்தது. 1986 ஆகஸ்டில் விநாடிக்கு 35 லட்சம் கன அடி வெள்ளம் கதவணையைக் கடந்தது. டெல்டா மூழ்கியது, கதவணை நின்றது. இன்று மழைக்காலம் வந்தால் தொலைக்காட்சிச் செய்திகளில் தவளேசுவரத்தின் பெயர் நாள்தோறும் அடிபடும். 10 லட்சம் கன அடி கடந்தால் முதல் எச்சரிக்கை, 13 லட்சத்தில் இரண்டாவது, 17 லட்சத்தில் மூன்றாவது. மூன்றாம் எச்சரிக்கை என்றால் லங்கா ஊர்களில் உள்ளவர்கள் ஆடுமாடுகளோடு மேட்டுக்கு நகர வேண்டும் என்று பொருள்.

படகு எங்கே போயிற்று

நவீனமாக்கல் நீருக்குச் செய்ததைப் படகுக்குச் செய்யவில்லை. தலைமதகுகளின் அருகே பூட்டுகள் உள்ளன. ஆனால் அவற்றைக் கடக்கச் சரக்குப் படகுகள் இல்லை. கால்வாய்களின் குறுக்கே சாலைக்காகத் தாழ்வான பாலங்கள் எழுந்தபோது அடியில் படகு போகுமா என்று கேட்பார் இல்லை. தமிழ்நாட்டுப் பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் பக்கிங்காம் கால்வாயைச் சிதைத்தன. செப்பனிடவேண்டிய நேரத்தில் அதைச் சாக்கடையாக விட்டுவிட்டோம். பிறகு சென்னையில் பறக்கும் இரயிலின் தூண்களைக் கால்வாயின் உள்ளேயே நட்டார்கள். நீர்வழியை இரயில் வென்றது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சின்னம் கிடைக்காது.

2008இல் மத்திய அரசு காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான இந்தக் கால்வாய்த் தொடரையும், கோதாவரியில் பத்ராசலம்–இராசமுந்திரி, கிருஷ்ணாவில் வசீராபாத்–விசயவாடா பகுதிகளையும் சேர்த்து 1,078 கிலோமீட்டர் நீளத் தேசிய நீர்வழி-4 என அறிவித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை இன்னும் நீட்டியது. 2017இல் கிருஷ்ணாவில் முக்தியாலா–விசயவாடா பகுதிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கால்வாய்ப் பகுதிகளுக்கு வேலை நகர வேண்டுமானால் பாலங்களை உயர்த்த வேண்டும், பூட்டுகளைப் பெரிதாக்க வேண்டும், ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீர் வேண்டும். சனவரிக்குப் பின் கோதாவரியின் வரத்து சுருங்கி, இரண்டாம் போக நெல்லுக்கே மேலே சீலேரு மின்நிலையங்களிலிருந்து விடப்படும் நீரை எதிர்பார்க்கும் நிலை இருக்கிறது. படகு மிதக்கக் கால்வாயில் நீர் நிற்க வேண்டும். உழவருக்கு அந்த நீர் வயலில் நிற்க வேண்டும். காட்டன் காலத்தில் ஒரே போகம் விளைந்ததால் இந்தச் சண்டை பெரிதாக எழவில்லை.

அணைக்குப் பழகிய விருந்தாளியாக இருந்த படகு இப்போது அந்நியப் பொருளாகிவிட்டது. 2024 செப்டம்பர் முதல் நாள் விசயவாடாவில் 11 லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தபோது, கட்டறுந்து மிதந்துவந்த படகுகள் பிரகாசம் கதவணையில் மோதி, கதவுகளைத் தூக்க உதவும் எதிர்எடைக் கட்டைகளை உடைத்தன. சிக்கிய படகுகளை அகற்றவே பல நாள் போராட வேண்டியிருந்தது.

தவளேசுவரத்துக்கு மேலே சுமார் 42 கிலோமீட்டரில் போலவரம் அணை கட்டப்பட்டு வருகிறது. அங்கே தேங்கும் நீர் முறையாகத் திறந்துவிடப்பட்டால் காட்டன் கதவணைக்குக் கோடையிலும் வரத்து இருக்கும். அந்த அணையின் இடப்பக்கத்தில் படகுகளுக்கென்று ஒரு கால்வாயும், சுரங்கவழியும், பூட்டுகளும் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றைக் கடந்து இறங்கும் படகு அடுத்து வந்து நிற்கும் இடம் தவளேசுவரத்தின் பழைய லாக்குகள்தான்.